வீட்டுப் பட்டறையில பவுடர் கோட்டிங்: ஒரு ஓடிஜி போதுமா?

கேள்வி, ஜூன் 9

பழைய ஆர்எக்ஸ் 100 பைக் ஒண்ணு பிரிச்சுப் போட்டிருக்கேன். ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், செயின் கவர், சைடு ஸ்டாண்டு எல்லாத்துக்கும் வீட்லயே பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியை மின்னூட்டத்தோட அடிச்சு ஓவன்ல வேக வெக்கறது) பண்ணலாம்னு ஐடியா. வீடியோல பாத்தா பவுடர் தெளிக்கற ஒரு கன்னும், கேக் சுடற கரண்ட் ஓவன் ஓடிஜி ஒண்ணும் இருந்தா வேலை முடிஞ்சுதுங்கறாங்க. எந்த கன் வாங்கலாம்? பழைய பெயின்ட் மேலயே அடிக்கலாமா? இருக்கறது கோயமுத்தூர்.

ஜூன் 9, இரவு

கன்னை கடைசியா வாங்குங்க.

முதல்ல அடுப்பு. பவுடர் பாக்கெட்ல 200 டிகிரி, 10 நிமிஷம்னு போட்டிருந்தா அது ஓவனுக்குள்ள இருக்கற காத்தோட சூடு இல்லை, உங்க இரும்போட சூடு. அடுப்பு எரியுதுங்கறதுக்காக பருப்பு வெந்துருமா? செயின் கவர் தகடு, சீக்கிரம் சூடேறிடும். ஃபுட்ரெஸ்ட்டும் சைடு ஸ்டாண்டும் கட்டி இரும்பு. அந்தச் சூட்டுக்கு வர்றதுக்கே அரை மணி நேரம் பக்கமா ஆகும், அப்புறம்தான் உங்க 10 நிமிஷம் ஆரம்பிக்குது. ரெண்டையும் ஒரே கம்பியில தொங்கவிட்டு ஒரே டைமர்ல எடுத்தீங்கன்னா தகடு வெந்திருக்கும், கட்டி வெந்திருக்காது.

வேகாத பார்ட்டைப் பாத்தா தெரியாதுங்க, அதுதான் வம்பே. 120 டிகிரி தாண்டுனாலே பவுடர் உருகி ஓடி கண்ணாடியாட்டம் பளபளன்னு ஆயிடும். வீடியோக்காரர் அந்த இடத்துல "ஆஹா"ன்னு சொல்லி வெளிய எடுப்பாரு. உருகுறது வேற, வேகறது வேற. உருகி மட்டும் நின்ன கோட் ஸ்பேனர் பட்டா சில்லு சில்லா தெறிக்கும், பெட்ரோல் சொட்டுனா பிசுபிசுக்கும்.

பழைய பெயின்ட் மேல அடிக்கவே கூடாது. உள்ள இருக்கற பெயின்ட் 200 டிகிரில கருகி, குமிழி விட்டு மேல இருக்கறதையும் தூக்கிட்டு வரும். வெறும் இரும்பு தெரியணும்.

ஜூன் 10

நான் யாருன்னு கேட்டிருக்காங்க. கரண்ட் பேனல் போர்டு செய்யற பட்டறையில ரொம்ப வருஷம் இருந்தேன், கோயமுத்தூர்ல கணபதி ஏரியா பக்கம். பக்கத்துலயே கோட்டிங் லைனு, அதாவது கழுவறதுல இருந்து வேக வெக்கறது வரைக்கும் வரிசையா நடக்கற இடம். சீமென்ஸ் கிரேன்னு சொல்ற கலர் நம்பர் ஆர்எஏல் 7032, அப்புறம் 7035, இந்த ரெண்டு சாம்பலையும் பாத்துப் பாத்தே கண்ணு பூத்துப்போச்சு. இப்ப வீட்டு ஷெட்டுல பழைய பைக் சாமான் மட்டும் போடறேன். கறுப்பு, கொஞ்சம் சில்வர். சாம்பல் எங்க வீட்டுக்குள்ள நுழையக் கூடாது.

ஜூன் 10, கொஞ்ச நேரம் கழிச்சு

ஓடிஜி பத்தி. சமையலுக்கு வெச்சிருக்கற ஓவனைத் தொடாதீங்க. ஒரு தடவை பவுடர் வெச்சாலும் அது பட்டறை ஓவன்தான், திரும்ப கேக்குக்குப் போகக் கூடாது. எங்க வீட்டு ஓவன் எப்படி ஷெட்டுக்கு வந்துச்சுங்கறது குடும்ப விவகாரம், இங்க வேண்டாம்.

60 லிட்டர் சைஸ், உள்ள ஃபேன் இருக்கற மாதிரி வாங்குங்க. 2000 வாட் பக்கம் இழுக்கும், 16 ஆம்பியர் பாயின்ட்ல போடுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். சூடேறற ராடு பக்கத்துல பார்ட் போனா அந்தப் பக்கம் மட்டும் கருகும். வெள்ளை, கிரீம் கலருன்னா மஞ்சளாயிடும். ராடுக்கும் பார்ட்டுக்கும் நடுவுல ஒரு தகடு மறைப்பு குடுத்தீங்கன்னா சமமா வேகும். கேஸ் ஓவன், கேஸ் அடுப்பு எதுவும் வேண்டவே வேண்டாம். ஏன்னு தனியா எழுதறேன்.

டயல்ல இருக்கற நம்பரை நம்பாதீங்க. மல்டிமீட்டரோட வர்ற கே டைப் தெர்மோகப்பிள் வயரை ஒரு போல்ட்டு, வாஷர் போட்டு பார்ட்டோடயே இறுக்கி ஓவன் கதவு இடுக்குல வெளிய எடுத்துருங்க. இரும்பு என்ன சூட்டுல இருக்குன்னு நேரா தெரியும். கட்டி பார்ட் எதுவோ அதுல மாட்டணும், தகட்டுல மாட்டி பிரயோஜனம் இல்லை.

ஜூன் 12

"இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கன் இருக்கு, அது போதாதா?"ன்னு ஒருத்தர். கோட் அடிச்ச இடத்துல ஓரளவு சரியாக் காட்டும். பளபளன்னு இருக்கற வெறும் மெட்டல்ல அடிச்சா ரொம்பக் கம்மியாக் காட்டும், நீங்க இன்னும் சூடு ஏத்துவீங்க. அதோட, அடிக்கறதுக்கு ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்கணும், சூடெல்லாம் வெளிய போயிடும். தெர்மோகப்பிளே போடுங்க.

ஜூன் 13

மேல 200 டிகிரி, 10 நிமிஷம்னு ஒரே கணக்கா எழுதியிருந்தேன். கோட்டிங் லைன்ல இருக்கற ஒரு தம்பி, பாலியஸ்டர் ரகப் பவுடருக்கு 180 டிகிரில 15, 20 நிமிஷம்னும் கம்பெனி டேட்டா ஷீட்ல இருக்கும், சின்ன ஓடிஜிக்கு அதுதான் நல்லதுங்கறார். சரிதான். 200-க்கு முக்கி முக்கி ஏத்தறதை விட 185-ல நிதானமா விட்டா ராடு பக்கம் கருகறதும் குறையும். ஆனா ஒவ்வொரு பவுடருக்கும் கணக்கு வேற. கிலோ பாக்கெட் பிரிச்சுக் குடுக்கற கடையில டேட்டா ஷீட் கேட்டா ஒரு மாதிரியா பாப்பாங்க, பரவால்லை, வாங்கிட்டு வாங்க.

ஜூன் 15

கழுவற வேலை. யாரும் வீடியோ எடுக்காத வேலை, ஆனா கோட் நிக்கறதும் உரியறதும் இங்கதான் முடிவாகுது.

பெரிய லைன்ல ஏழு தொட்டின்னு சொல்வாங்க. எண்ணெய் எடுக்கறது, தண்ணி, துரு எடுக்கறது, தண்ணி, கோட் பிடிக்கறதுக்கு பாஸ்பேட், மறுபடி தண்ணி, கடைசியா துரு வராம இருக்க பாஸிவேஷன். வீட்ல ஏழு தொட்டி வெக்க முடியாது, ஆனா அந்த வரிசையை மாத்தாம பண்ணலாம். எண்ணெய் போகறதுக்கு முன்னாடி எமரி தாள் போட்டீங்கன்னா எண்ணெயைக் கீறலுக்குள்ள தேச்சு விடறீங்கன்னு அர்த்தம். செயின் கிரீஸ் முதல்ல டீசல்ல, அப்புறம் சோப்புத் தண்ணியில, அப்புறம்தான் மணலை வேகமா அடிச்சுத் துரு எடுக்கற பிளாஸ்டிங்கோ கம்பி பிரஷ்ஷோ.

முடிஞ்சா சாண்ட் பிளாஸ்டிங் வெளிய குடுத்து வாங்குங்க. ஆவாரம்பாளையம், கணபதி சந்துகள்ல கேட்டா சொல்வாங்க. வாங்கிட்டு வந்த அன்னைக்கே கோட் அடிக்கணும். பிளாஸ்ட் பண்ண இரும்பு ராத்திரி ஈரத்துலயே லேசா செம்பழுப்பாகும்.

சுத்தமாயிடுச்சான்னு பாக்க ஒரு வழி இருக்கு. நல்ல தண்ணியை பார்ட் மேல ஊத்துங்க. தண்ணி படலமா விரிஞ்சு நின்னா சரி. எங்கயாவது முத்து முத்தா ஒதுங்குச்சுன்னா அங்க எண்ணெய் இருக்கு, திரும்ப கழுவுங்க. அதுக்கப்புறம் வெறும் கையில தொடக் கூடாது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வெக்கற ஊருங்க இது. நெத்தியைத் தொடச்ச கையோட ஃபுட்ரெஸ்ட்டை எடுத்தா, வெந்து வந்தப்புறம் அஞ்சு விரலும் பள்ளமாத் தெரியும்.

கழுவுனதும் துணியில தொடச்சு விட்டுறாம ஓவன்ல 110 டிகிரில கொஞ்ச நேரம் காய வையுங்க. தையல் இடுக்கு, குழாய் உள்ள நிக்கற தண்ணி அப்பத்தான் போகும்.

ஜூன் 15, இரவு

"ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சு அதுக்கு மேல பவுடர் போட்டா துரு பிடிக்காதே?" இதை நான் பட்டறையில இருந்த காலத்துல இருந்து கேட்டுட்டிருக்கேன். கூடாதுங்க. அது காத்துல காயற பெயின்ட்டு, அந்தச் சூட்டைத் தாங்கறதுக்குச் செஞ்சதில்லை. பவுடருக்கு அடியில பிரைமர் வேணும்னா பவுடர் பிரைமரே இருக்கு, எப்பாக்ஸிங்கற ரகம். அதை அடிச்சு, முழுசா வேக விடாம பாதியில எடுத்து, மேல பாலியஸ்டர் அடிச்சு ரெண்டையும் சேத்து வேக வெப்பாங்க.

அதே மாதிரி ஒடுக்கு விழுந்த இடத்துல சாதா பட்டி வெச்சுத் தேய்க்கறதும் வேலைக்காகாது. 200 டிகிரில அது புகையும். ஒடுக்கை வெல்டு போட்டு கிரைண்ட் பண்ணுங்க, இல்லைன்னா ஒடுக்கோடயே விடுங்க. அது முப்பது வருஷத்து வண்டி, இருக்கட்டும்.

ஜூன் 18

எப்பாக்ஸியா, பாலியஸ்டரா? வெயில் படற எதுக்கும் பாலியஸ்டர். எப்பாக்ஸி நல்லா ஒட்டும், கெமிக்கல் தாங்கும், ஆனா வெயில்ல சாக்பீஸ் மாதிரி வெளுத்துப் பொடி விடும். ரெண்டும் கலந்ததை ஹைபிரிட்னு விப்பாங்க, பீரோ, ரேக்கு மாதிரி வீட்டுக்குள்ள இருக்கற சாமானுக்கு. கடையில "கறுப்பு குடுங்க"ன்னு மட்டும் கேட்டா ஹைபிரிட் கறுப்பைக் குடுத்து அனுப்பிருவாங்க. பைக்குக்குன்னு சொல்லுங்க.

பாலியஸ்டர்லயும் ரெண்டு. வேகறதுக்குச் சேக்கற சாமான் ஒண்ணு டிஜிஐசி, இன்னொண்ணு பிரிமிட்னு சொல்ற எச்ஏஏ. டிஜிஐசி மரபணுவைப் பாதிக்கக் கூடியதுன்னு ஐரோப்பாவுல வகைப்படுத்தியிருக்காங்க. வீட்ல குழந்தைங்க நடமாடற இடத்துல எனக்கு அது வேண்டாம், டிஜிஐசி இல்லாததுன்னு கேட்டுத்தான் வாங்குவேன். ஒரு விஷயம், எச்ஏஏ வேகும்போது தண்ணி ஆவி விடும். தடிமனா அடிச்சா அந்த ஆவி மேல வந்து ஊசி குத்துன மாதிரி ஓட்டை விழும். 60லிருந்து 80 மைக்ரானோட (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நிறுத்திக்கோங்க.

ஜூன் 22

இப்ப கன். ஆசையா கேட்டவர் இதுக்குத்தான் காத்திருப்பாரு.

வீட்டு உபயோகத்துக்கு வர்ற சின்ன கன் எல்லாம் 10, 20 கிலோவோல்ட் ரகம். தொழில் கன் 100 வரைக்கும் போகும். ஃபுட்ரெஸ்ட் சைஸுக்குச் சின்னதே போதும். காத்தோட அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு மேல வேண்டாம். வேகமா அடிச்சா பவுடர் பார்ட்டுல மோதித் திரும்பிப் போயிடும், ஒட்டாது. கம்ப்ரெசருக்கும் கன்னுக்கும் நடுவுல தண்ணி பிரிக்கற ஃபில்டர் ஒண்ணு போடுங்க, ஐப்பசி மழையில அது இல்லாம அடிச்சா பவுடர் கட்டி கட்டியா துப்பும்.

ஆனா எந்த கன்னா இருந்தாலும் எர்த் இல்லைன்னா வெறும் ஊதாங்குழல்தான். பவுடர் மின்னூட்டத்தோட வந்து எர்த் பண்ண இரும்பைத் தேடித்தான் ஒட்டுது. பார்ட் தொங்கற கொக்கியைப் பாருங்க. போன தடவை அடிச்ச பவுடர் அது மேலயும் வெந்து உறைஞ்சிருக்கும். அது இன்சுலேஷன். ஒவ்வொரு தடவையும் பார்ட் தொடற இடத்துல அரம் போட்டு வெறும் இரும்பு தெரிய வெக்கணும். எர்த் கிளிப்பைக் கொக்கியில மாட்டாம, முடிஞ்சா பார்ட்டோட மறைவான ஓட்டையில நேராவே மாட்டுங்க.

வீட்டு எர்த்தும் பாக்கணும். பழைய வீடுங்கள்ல உப்பும் கரியும் போட்ட எர்த் குழி இருக்கும், வருஷக்கணக்கா யாரும் தண்ணி ஊத்தியிருக்க மாட்டாங்க. சித்திரை வெயில்ல அது வறண்டு கெடந்தா எர்த்துன்னு பேருக்குத்தான். ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க. இது கோட்டிங்குக்கு மட்டுமில்லை, உங்க உயிருக்கும்.

ஜூன் 23

கேஸ் ஏன் வேண்டாம்னு எழுதறேன்னு சொன்னேன். காத்துல மிதக்கற பவுடர் தீப்பிடிக்கும். ஒரு கனமீட்டர் காத்துக்கு 30, 40 கிராம் கலந்து நின்னா நெருப்புப் பொறி ஒண்ணு போதும், வெடிக்கும். சின்ன ரூம்ல கதவைச் சாத்திட்டு அடிச்சா அந்த அளவு வர்றது கஷ்டமில்லை. அதனால அடிக்கற இடத்துல பீடி, ஊதுபத்தி, கேஸ் கீசர் எதுவும் கூடாது. ஓவன் வேற மூலையில. கீழ சிந்துனதை வீட்டு வேக்குவம் கிளீனர்ல இழுக்காதீங்க, அதோட மோட்டார்லயே பொறி வரும். ஈரத்துணியில தொடைங்க.

மூக்குக்குக் கைக்குட்டை கட்டறது சினிமாவுக்கு. என்95 போடுங்க.

ஜூலை 2

கேட்டவர் படம் போட்டிருக்கார். செயின் கவர் அருமையா வந்திருக்கு தம்பி. சைடு ஸ்டாண்டு முட்டு மூலையில பவுடரே ஏறலைங்கறீங்க. அது உங்க கை கோளாறு இல்லை, ஃபாரடே கூண்டுங்கற விவகாரம். மின்புலம் வெளி விளிம்போட நின்னுடும், உள்மூலைக்குப் போகாது. பவுடரும் விளிம்புலயே குவியும். வோல்டேஜ் குறைக்கற வசதி இருந்தா குறைச்சு, மூலையை முதல்ல அடிச்சுட்டு அப்புறம் வெளிப்பக்கம் வாங்க. சின்ன கன்னுல பெரும்பாலும் வோல்டேஜ் குறைக்க முடியாது. அப்ப பார்ட்டை முன்னாடியே சூடு பண்ணி, சூட்டோட மூலையில அடிங்க, பட்ட உடனே உருகி ஒட்டிக்கும். அதிகமா அடிச்சுட்டா தடிமன் எகிறிடும், பாத்து.

ஏற்கனவே வெந்த கோட்டுக்கு மேல ரெண்டாவது அடிச்சா பவுடர் ஒட்ட மாட்டேங்குது, குட்டிக் குட்டிக் குழி விழுதுன்னும் எழுதியிருந்தீங்க. முதல் கோட் இன்சுலேஷனா நிக்குது, வந்த மின்னூட்டம் இறங்க வழியில்லாம திரும்பித் தள்ளுது. இதுக்கும் சூட்டு வைத்தியம்தான்.

ஜூலை 3

வெந்துடுச்சான்னு எப்படி நிச்சயமாத் தெரிஞ்சுக்கறது? பஞ்சுல அசிட்டோன் நனைச்சு, மறைவான இடத்துல அழுத்தி முன்னும் பின்னும் தேய்ங்க, ஒரு அம்பது தடவை. பஞ்சுல கலர் வழிஞ்சு வந்தா வேகலை, திரும்ப ஓவன்ல வையுங்க. பளபளப்பு லேசா மங்குனா பரவால்லை. லைன்ல எம்இகேங்கற கரைப்பான் வெச்சுப் பண்ணுவாங்க, அதுவும் இதே கதைதான்.

ஜூலை 19

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க, என் கறுப்பு ஃபுட்ரெஸ்ட் மேல பக்கத்து வீட்டு மணலு பறந்து வந்து உக்காந்திருக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற இந்தக் காத்து அடங்கற வரைக்கும் திறந்த ஷெட்டுல பளபள கறுப்பு அடிக்காதீங்க. சொரசொரப்பான டெக்ஸ்சர் கறுப்பு அடிங்க, நாலு மணல் இருந்தாலும் டிசைன்ல சேந்துக்கும். தரையில தண்ணி தெளிச்சு, பழைய ஃபிளெக்ஸை மூணு பக்கமும் கட்டிக்கோங்க.

ஜூலை 21

"இவ்வளவு கஷ்டப்படறதுக்கு வெளிய கோட்டிங் லைன்ல ஜாப் ஒர்க் குடுத்தாப் போதாதா?" நியாயமான கேள்வி. சேஸ், கேட், ஜன்னல் கிரில் எல்லாம் கண்டிப்பா வெளிய குடுங்க. ஓடிஜிக்குள்ள மடக்கி வெக்க முடியாது, வெயில்ல வெச்சு ஹீட் கன்ல வேக வெக்கறேன்னு ஒருத்தர் போன வாரம் எழுதியிருந்தாரு, அதைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரலை.

சின்ன சாமான் விஷயத்துல எனக்கு வேற அனுபவம். பெரிய லைன்ல அன்னைக்கு என்ன கலர் ஓடுதோ அதுதான் உங்களுக்கும். உங்க ஒரு பெடலுக்காக யாரும் பவுடர் அடிக்கற பூத்தைக் கழுவி பவுடர் மாத்த மாட்டாங்க, மாத்தச் சொல்றதும் தப்பு. மறைக்க வேண்டிய இடத்தை மறைக்க மாட்டாங்க. என் பெடல் ஒண்ணு பிவட் ஓட்டை முழுக்க கோட் ஆகி வந்தது. மரை இருந்த இடத்துல போல்ட்டு முதல் சுத்துலயே நின்னுடுச்சு. மரை மேல 70 மைக்ரான் ஏறுனா மரையோட நடு விட்டத்துல (பிட்ச் விட்டம்) அதைப் போல நாலு மடங்கு, கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டருக்கு மேல மாறும். ஸ்பேனர் போட்டு முறுக்கறதுல அர்த்தமே இல்லை, மரை வெட்டற டேப் (tap) விட்டு எடுக்கணும்.

வீட்ல பண்றதுக்கு என்னைப் பொறுத்தவரை இது ஒண்ணுதான் காரணம். காசு மிச்சமாகும்னு யாரும் இறங்காதீங்க, ஆகாது. எது சுத்தமாகணும், எது மறையணும், எது எவ்வளவு நேரம் வேகணும்னு ஒவ்வொரு சாமானையும் கையில வெச்சு யோசிக்கறதுக்கு லைன்ல ஆளுக்கு நேரம் இல்லை, உங்களுக்கு ஞாயித்துக்கிழமை இருக்கு.

மரைக்கு சிலிக்கோன் பிளக் விக்கறாங்க. பேரிங் உக்கார்ற இடம், எர்த் வயர் மாட்டற இடத்துக்கு சூடு தாங்கற பச்சை பாலியஸ்டர் டேப். வீட்டு மாஸ்கிங் டேப் கருகி கோந்து ஒட்டிக்கும்.

ஜூலை 22

பவுடர் எவ்வளவு வாங்கறதுன்னு தனியா கேட்டிருக்கார் ஒருத்தர். 60 மைக்ரானுக்கு ஒரு கிலோவுல கணக்குப்படி 11 சதுர மீட்டர் வரும். பாதி கீழ விழுந்தாலும் அஞ்சுக்கு மேல. ஒரு பைக்கோட சின்ன சாமான் மொத்தத்துக்கும் ஒரு கிலோ தாராளம். 20 கிலோ பெட்டி மலிவா வருதுன்னு வாங்காதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில ஏப்ரல் மாசம் அது கட்டி தட்டிடும். இருக்கறதை டப்பாவுல இறுக்கி மூடி வீட்டுக்குள்ள, சூடு படாத இடத்துல வையுங்க.

ஆகஸ்ட் 4

இன்ஜின் சைடு கவர் பத்தி. வார்ப்பு அலுமினியத்துல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க இருக்கும், அதுக்குள்ள முப்பது வருஷத்து ஆயில். நேரா பவுடர் அடிச்சு வேக வெச்சா ஆயிலும் காத்தும் கிளம்பி மேல குமிழி குமிழியா வரும். முதல்ல வெறும் கவரை, கோட் வேகற சூட்டை விட கொஞ்சம் கூட, 210, 220-ல அரை மணி நேரம் காய்ச்சி ஆறவிடுங்க. ஆயில் கசிஞ்சு பழுப்புத் தீட்டு விடும், தொடச்சுட்டுத் திரும்ப காய்ச்சுங்க. கசியறது நின்னப்புறம் கோட். ஆயில் சீல் எல்லாம் முன்னாடியே கழட்டியிருக்கணும், சொல்ல வேண்டியதில்லை. பிரேக் பெடல்ல நைலான் புஷ் இருந்தா அதுவும்.

அலாய் வீல் கேட்டவருக்கு: அந்த அலுமினியத்துக்கு வலுவே சூட்டு வேலையில குடுத்தது. அதை 200 டிகிரில திரும்பத் திரும்ப வேக வெச்சா வலு இறங்கும். உயிரு சவாரி போற சாமானை நான் வீட்டு ஓவன்ல வெக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 5

ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்குக்கு கோட் போடலாம், தனியாக் கழட்டி எடுத்துட்டு. ஷாக் அப்சார்பரை முழுசா ஓவன்ல வெக்கலாமான்னு ரெண்டு பேரு கேட்டுட்டீங்க. உள்ள ஆயிலும் அழுத்தத்துல கேஸும் மூடிக் கெடக்கு. 200 டிகிரில அது குண்டு. சீல் பண்ண எதுவும் ஓவனுக்குள்ள போகக் கூடாது, ரெண்டு பக்கமும் வெல்டு அடிச்சு மூடுன குழாய் உள்பட. அதுக்கு மறைவா ஒரு சின்ன ஓட்டை போட்டுட்டு வையுங்க.

கிரோம் பூசுன சைலன்சர் கேட்டவர், அது வேண்டாம். கிரோம்ல பவுடர் சரியாப் பிடிக்காது, பிடிச்சாலும் வண்டி ஓடும்போது சைலன்சர் சூட்டுக்கு சாதா பாலியஸ்டர் நிக்காது. சூடு தாங்கற சிலிக்கோன் பவுடர்னு தனியா இருக்கு, இல்லைன்னா திரும்ப கிரோமே பண்ணுங்க.